பட்டாசு உப்பும் கிணற்று நீரும்

சிவகாசி வட்டாரத்தின் தொழில் வரலாறு பெரும்பாலும் இரண்டு துயரங்களின் வழியாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஒன்று வெடிவிபத்து, மற்றொன்று குழந்தைத் தொழில். இவ்விரண்டுக்கும் நாளும் இடமும் ஆவணமும் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நிகழ்ந்த விபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் பட்ட பாட்டை 1983-இல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் எழுதினார், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய மூன்றாவது வரலாறு ஒன்று இருக்கிறது. தொழிலின் உப்புகள் தரையில் சிந்தி, மழையில் கரைந்து, கிணற்று ஊற்றுக்குள் இறங்கிய வரலாறு அது. அதற்கு இன்ன நாள் என்று சொல்லும்படியான ஒரு நாள் கிடையாது; அதில் ஓசையும் புகையும் இல்லாததால் முதல் தகவல் அறிக்கையும் எழுதப்படவில்லை. அந்த உப்புகளுள் முதன்மையானது பெர்குளோரேட். கழுத்தின் முன்புறத்தில் உள்ள தைராய்டு சுரப்பி ஹார்மோனை உண்டாக்கும் வேலையை அது தடுக்கிறது என்பது 1952 முதல் மருத்துவ உலகம் அறிந்த செய்தி.

தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் இந்த மண்ணில் வேர்விட்டதற்கு வறட்சியே முதற்காரணம். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றியே மழை பெறும் இப்பகுதியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் மாதக்கணக்கில் வானம் வெளுத்துக் கிடக்கும்; அர்ச்சுனா நதியும் அது கலக்கும் வைப்பாறும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே தெரியும். வேளாண்மையை நம்பி வாழ முடியாத கரிசல் ஊர்களின் கைகள் குறைந்த கூலிக்குக் கிடைத்தன. குச்சியில் தோய்த்த மருந்து காய்வதற்கு வெயிலும் கிடைத்தது. வணிகமோ அதற்கு முன்பே இங்கு உறுதிப்பட்டிருந்தது. 1923-இல் விருதுநகர் என்று பெயர் மாறிய விருதுபட்டியிலும் சிவகாசியிலும் நாடார் வணிகர்கள் பேட்டைகளையும் மகமை என்னும் பொதுநிதியையும் வைத்துக் கடன், கல்வி, பாதுகாப்பு ஆகியவற்றைத் தாங்களே கவனித்துக்கொண்டனர். நாடார்களுக்கு எதிரான 1899-இன் சிவகாசிக் கலவரத்துக்குப் பின் அந்த ஏற்பாடு மேலும் இறுகியது.

வெளிநாட்டுத் தீப்பெட்டிகளின் மீதான சுங்கவரி 1922-இல் ஒரு குரோசுக்கு (பன்னிரண்டு டஜன் பெட்டி) ஒன்றரை ரூபாயாக உயர்த்தப்பட்டபோது உள்நாட்டுத் தயாரிப்புக்கு வழி திறந்தது. ஏறத்தாழ அதே வேளையில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். செருமனியிலிருந்து தருவித்த இயந்திரங்கள் எதிர்பார்த்த பலனைத் தராததால் கைத்தொழிலாகவே அதனை நடத்த அவர்கள் முடிவு செய்தனர். இம்முடிவே வட்டாரத்தின் உருவத்தை நிர்ணயித்தது எனலாம். சுவீடன் நாட்டு நிறுவனத்தின் கிளையான விம்கோ இயந்திரத்தால் செய்ததை, இங்கே ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்று மக்கள் அழைத்த சிறு கொட்டகைகளில் பெண்களும் குழந்தைகளும் குச்சி அடுக்கியும், மெழுகிலும் மருந்திலும் முக்கியும், பெட்டி ஒட்டியும் செய்தனர். குச்சித் தலையின் மருந்தில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரேட். சூடுபட்டவுடன் தன்னிடமுள்ள ஆக்சிஜனை விட்டுக் கொடுத்து எரிதலைத் தூண்டும் வெள்ளை உப்பு அது. உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரேட் செய்யப்படுகிறது. அதனையே மேலும் மின்பகுத்தால் இன்னும் ஓர் ஆக்சிஜன் அணு சேர்ந்து பெர்குளோரேட் ஆகிறது. ஆகவே இவ்விரண்டும் உடன்பிறந்த உப்புகள்.

தீப்பெட்டியிலிருந்து வண்ணத் தீக்குச்சி, கம்பி மத்தாப்பு என்று விரிந்த கைவேலை, 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமமுறை ஏற்பட்டதோடும் உலகப்போரால் இறக்குமதி நின்றதோடும் முறையான பட்டாசுத் தொழிலாயிற்று. நேரு சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்று பாராட்டினார் என்பது அவ்வூரார் இன்றும் பெருமையோடு சொல்வது. நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இவ்வட்டாரத்திலிருந்தே செல்கிறது என்பது பொதுவான மதிப்பீடு.

குளோரேட்டுக்கு ஒரு கொடிய குணம் உண்டு. கந்தகத்தோடு சேர்ந்தால், கந்தகத்தில் எப்போதும் சிறிதளவு ஒட்டியிருக்கும் அமிலம் அதனைக் கிளறிவிட, உராய்வே இல்லாமல்கூட அது தீப்பற்றும். பிரிட்டன் 1894-இலேயே குளோரேட்டும் கந்தகமும் கலந்த பட்டாசு மருந்தைத் தடை செய்துவிட்டது. இந்தியாவில் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் 1992 சனவரி 27 அன்று வெளியான அறிவிக்கை, அத்தகைய கலவையைத் தயாரிப்பதையும் வைத்திருப்பதையும் இறக்குமதி செய்வதையும் தடுத்தது. தொழில் பாதுகாப்பின் பார்வையில் இது மிக நல்ல முடிவு; எத்தனையோ கைகளையும் உயிர்களையும் அது காத்திருக்கிறது. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டும், தொழிலாளர்கள் பச்சை உப்பு என்று சொல்லும் பேரியம் நைட்ரேட்டும், வானவெடியின் வண்ண மணிகளுக்கும் ஒளிமிகுந்த கலவைகளுக்கும் பெர்குளோரேட்டும் குளோரேட்டின் இடத்தில் நின்றன. பெர்குளோரேட் அயனியில் குளோரின் அணு நான்கு ஆக்சிஜன் அணுக்களால் நாற்புறமும் சூழப்பட்டிருப்பதால், நல்ல சூடு பட்டாலொழிய அது எதனோடும் வினைபுரிவதில்லை. மருந்து கலப்பவருக்கு அது குளோரேட்டைவிட நம்பத்தக்கது. அந்த நிலைத்தன்மைதான் நீரில் கேடாக மாறுகிறது. மருந்து கலப்பவரின் கையைக் காத்த குணமே கிணற்றுக்குள் போன பெர்குளோரேட்டைச் சிதையாமல் பல்லாண்டுகள் வைத்திருக்கிறது. மண் துகள் அதனைப் பிடித்து வைப்பதில்லை. காற்றில் அது ஆவியாவதில்லை. காய்ச்சினால் நீர் குறைந்து அதன் செறிவு கூடுகிறதே தவிர அது அழிவதில்லை.

பட்டாசு ஆலையின் அன்றாடத்தை நெருங்கிப் பார்த்தால் இந்த உப்பு எவ்வழியாக வெளியேறுகிறது என்பது விளங்கும். ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட, நாற்புறமும் கதவு திறக்கும் சிற்றறைகளில் ஆலை இயங்குகிறது. மருந்து கலப்பவர், சலிப்பவர், குழாயில் அடைப்பவர் ஆகியோர் ஃபோர்மேனின் மேற்பார்வையில் தனித்தனி அறைகளில் இருப்பர். மாலையில் வேலை முடிந்து வெளிவரும் தொழிலாளியின் முகத்திலும் கையிலும் அலுமினியப் பவுடர் வெள்ளிபோல் பளபளக்கும். படம் எடுக்க வருபவர்கள் அந்த வெள்ளி நிறத்தையே எடுத்துச் செல்வார்கள். அதே தோலில் படிந்திருக்கும் வெள்ளை உப்புகள் வியர்வையில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கைகால் கழுவும் தொட்டிநீரோடு அவை முதலில் மண்ணுக்குச் செல்லும். தீப்பொறிக்கு அஞ்சித் தரையை ஈரமாக வைப்பதும், சிந்திய மருந்தை ஈரத் துணியால் துடைத்துக் கழுவி விடுவதும், ஒவ்வோர் அறை வாசலிலும் நீர் வாளி வைப்பதும் பாதுகாப்பு நடைமுறைகள். பயன்படாத மருந்தை ஒதுக்குப்புறக் குழியில் எரிப்பதும், நீரில் அமிழ்த்திச் செயலிழக்கச் செய்வதும் வெடிபொருள் துறையினர் எங்கும் கையாளும் முறைகளே. கரையும் உப்பை நீரில் அமிழ்த்தினால் வெடிக்கும் ஆற்றல் போகும், உப்பு போகாது. தீயிலிருந்து காக்க வேண்டும் என்ற ஒரே நோக்கில் வகுக்கப்பட்ட விதிகளில் நீர் எப்போதும் பாதுகாவலாகவே கருதப்பட்டது. அந்த நீர் அதன்பின் எங்கே போகிறது என்று கேட்கும் பொறுப்பு வெடிபொருள் ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்படவே இல்லை.

ஹார்மோன் என்பது ஒரு சுரப்பி இரத்தத்தில் நேரடியாக விடும் செய்திப் பொருள். மிக நுண்ணிய அளவிலேயே அது உடலின் தொலைவான உறுப்புகளை இயக்குகிறது. அந்தச் செய்தியைப் போலியாகச் சொல்லியோ, மறித்தோ, உருவாகவிடாமல் தடுத்தோ குழப்பும் வெளிப் பொருள்களை ஹார்மோன் குலைப்பிகள் எனலாம். 1991-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து விங்ஸ்பிரெட் கூட்டத்தில் தியோ கோல்பார்ன் முதலிய அறிவியலாளர்கள் இக்கருத்துக்கு ஒரு பொதுப்பெயர் கொடுத்தனர். இன்று இப்பெயரைக் கேட்டதும் மக்களுக்கு நினைவுக்கு வருவது பிளாஸ்டிக். பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான பிஸ்பினால்-ஏ பெண் ஹார்மோனைப் போல நடிக்கும் என்று சார்லஸ் டாட்ஸ் 1936-இலேயே காட்டியிருந்தும், அது வணிகப் பிளாஸ்டிக்காகப் பெருகியது அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான். பாலிகார்பனேட் குடுவையிலிருந்து அது நீரில் கசிகிறது என்பதை 1993-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தற்செயலாகவே கண்டனர். மருந்தியலார் அறிந்ததைப் பொருள் செய்வோர் கேளாமல் போன அந்த நிகழ்ச்சி பெர்குளோரேட்டின் வரலாற்றிலும் ஏறத்தாழ அப்படியே நடந்தது.

தைராய்டு ஹார்மோன் உண்டாக அயோடின் வேண்டும். இரத்தத்தில் மிகச் சிறிய அளவில் ஓடும் அயோடைடைச் சுரப்பிக்குள் இழுத்துச் செல்லும் ஒரு புரதம் சுரப்பியின் உயிரணுச் சவ்வில் இருக்கிறது. அதன் மரபணு 1996-இல் பிரித்தறியப்பட்டது. பெர்குளோரேட் அயனி உருவ அளவில் அயோடைடை ஒத்திருப்பதால், அந்த வாயிலில் முந்திக்கொண்டு நுழைகிறது. அதன் ஈர்ப்பு அயோடைடைவிட ஏறத்தாழ 30 மடங்கு. தைராய்டு சுரப்பியில் அயோடைடு சேர்வதைப் பெர்குளோரேட் தடுக்கிறது என்பதை 1952-இல் வின்கார்டனும் உடன் ஆய்வாளர்களும் காட்டினர். 1954 முதலே, சுரப்பி மிகையாக இயங்கும் நோயாளிகளுக்கு அது மருந்தாகக் கொடுக்கப்பட்டது. 1960-களில் சில நோயாளிகள் எலும்பு மச்சை செயலிழந்து இறந்ததால் அப்பயன்பாடு சுருங்கியது. நைட்ரேட்டும் அதே வாயிலில் போட்டியிடுவதுதான். அதன் வலிமை பெர்குளோரேட்டைவிடப் பன்மடங்கு குறைவு என்றாலும் கிணற்று நீரில் அதன் அளவு பன்மடங்கு அதிகம். குளோரேட்டும் சோதனை விலங்குகளின் தைராய்டைத் தாக்குகிறது. இவ்வட்டாரத்தின் இரு தொழில்களும் மாறிமாறி நம்பியிருந்த மூன்று உப்புகளும் ஒரே சுரப்பியை நோக்கியே செல்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

வளர்ந்தவர் உடலில் சில மாதத் தேவைக்கான ஹார்மோன் இருப்பு உண்டு; கருவில் உள்ள குழந்தைக்கு அது கிடையாது. கருவின் மூளை வளர்ச்சி முதல் மாதங்களில் முழுவதும் தாயின் தைராய்டு ஹார்மோனையே சார்ந்திருக்கிறது. பால் சுரக்கும் மார்பகத்திலும் அதே புரதம் இயங்குவதால், தாய்ப்பாலில் சேர வேண்டிய அயோடினின் இடத்தைப் பெர்குளோரேட் பிடிக்க முடியும். பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் பெண்களின் பங்கு எவ்வளவு பெரிது என்பதை நினைத்தால், இது யாருடைய உடலில் நிகழும் செய்தி என்பது தெளிவாகும். அயோடின் போதிய அளவில் கிடைப்பவருக்குப் பாதிப்பு குறைவு. பெரிய உப்பளங்களைக் கொண்ட தூத்துக்குடி இவ்வட்டாரத்துக்கு அண்டையில்தான் இருக்கிறது. ஆயினும் போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விழுக்காட்டில் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களைவிடப் பின்தங்கியிருந்ததைத் தேசியக் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டின.

குடிநீரில் பெர்குளோரேட் இருக்கிறதா என்ற கேள்வியே உலகில் 1997 வரை சரியாகக் கேட்கப்படவில்லை. அவ்வாண்டில் கலிபோர்னியா அரசின் ஆய்வகம் ஒரு லிட்டரில் 4 மைக்ரோகிராம் அளவையும் காணும் முறையை உருவாக்கிய பின்னரே, நெவாடா மாநிலத்து ஹெண்டர்சனில் ராக்கெட் எரிபொருளுக்காகப் பெர்குளோரேட் செய்த ஆலைகளின் கழிவு கொலராடோ ஆற்றில் கலந்து லட்சக்கணக்கானோரின் குடிநீரை எட்டியிருந்தது வெளிப்பட்டது. (ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) பட்டாசின் பங்கும் அங்கே தனியே அளக்கப்பட்டது. ஓக்லஹோமா மாநிலத்து ஏடா நகர ஏரியில் வாணவேடிக்கை முடிந்த 14 மணி நேரத்துக்குள் பெர்குளோரேட் இயல்பு அளவைப் போல் 24 முதல் 1,028 மடங்கு வரை உயர்ந்து, பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 80 நாள்கள் ஆயின என்று 2007-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஓர் இரவின் கொண்டாட்டம் ஓர் ஏரியில் விட்டுச்சென்ற தடம் அது. சிவகாசியிலோ ஆண்டின் பெரும்பாலான நாள்களில் மருந்து கலக்கப்படுகிறது.

இவ்வட்டார நீரை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து சோதித்தனர். முடிவுகள் 2013-இல் வெளியாயின. சிவகாசி, மதுரை ஆகிய பகுதிகளில் எடுத்த நிலத்தடி நீர் மாதிரிகளில் பெர்குளோரேட் அளவு, கருவிக்குச் சிக்காத அளவு முதல் லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் வரை இருந்தது. பட்டாசு ஆலைகள் உள்ள இடங்களில் அது தெளிவாக உயர்ந்து நின்றது. சிவகாசிப் பகுதியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17 மாதிரிகள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்போது பரிந்துரைத்திருந்த 15 மைக்ரோகிராம் வரம்பைத் தாண்டின. மதுரை மாதிரிகளுள் ஒன்றுகூடத் தாண்டவில்லை. சோதித்த குழாய்நீரில் அளவு அரை மைக்ரோகிராமுக்கும் கீழேதான் இருந்தது.

7,690 என்ற எண்ணின் கனத்தை உணர ஒரு சிறு கணக்கு உதவும். அந்நீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் குடிக்கும் 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் கால் மில்லிகிராம் பெர்குளோரேட் சேரும். 2002-இல் வெளியான கிரீர் குழுவின் ஆய்வில், நலமான தன்னார்வலர்களுக்கு அதைவிடக் குறைவாக, கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் 14 நாள்கள் கொடுத்தபோதே தைராய்டு அயோடினை உள்வாங்குவது ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்தது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2005-இல் பாதுகாப்பானது என வகுத்த அளவோ கிலோவுக்கு 0.0007 மில்லிகிராம்தான். இப்படிப்பட்ட கிணறுகள் ஒரு சிலவே இருக்கலாம். ஆனால் குழாய்நீர் விட்டுவிட்டு வரும் ஊரில், முறை தவறும் நாள்களில் குடம் எந்தக் கிணற்றுக்குப் போகும் என்பதைக் குடும்பத்தின் தேவையே முடிவு செய்கிறது. ஆடுமாடுகளுக்கும் காய்கறிப் பாத்திகளுக்கும் கிணற்று நீர் நாள்தோறும் போகிறது. இலைக்காய்கறிகள் பெர்குளோரேட்டை உறிஞ்சித் தேக்கும் இயல்புடையவை.

பட்டாசைப் பற்றிய பெரிய சட்டப் போராட்டம் சிவகாசி நீராய்வு வெளியான காலத்தை ஒட்டித்தான் தொடங்கியது. டெல்லியின் காற்றுக்காக மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் 2015-இல் தொடரப்பட்ட வழக்கில், 2017 சூலை 31 அன்று ஆண்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், காரீயம் ஆகியவற்றைப் பட்டாசில் சேர்ப்பதை உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2018 அக்டோபர் 23 தீர்ப்பு பேரியம் உப்புகளையும் சரவெடியையும் விலக்கி, தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) வகுத்த பசுமைப் பட்டாசை முன்னிறுத்தியது. வழக்கின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் எடைபோடப்பட்டவை வெடிக்கும் இடத்தின் நுரையீரலும், செய்யும் இடத்தின் பிழைப்பும் மட்டுமே. செய்யும் இடத்திலும் உடல்கள் இருக்கின்றன, அவை அங்குள்ள நீரைக் குடிக்கின்றன என்ற கோணம் அந்த வாதங்களில் போதிய இடம் பெறவில்லை. தடைப்பட்டியலில் உள்ள உலோகங்களோடு பெர்குளோரேட்டின் பெயர் சேரவில்லை.

பிற நாடுகளில் குடிநீர் வரம்பு பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் என்கிறது. கலிபோர்னியா 2007-இல் 6 என்று வகுத்தது. உலக சுகாதார நிறுவனம் 70 வரை ஏற்கிறது. இவற்றுள் எது சரி என்பது வாதத்துக்குரியது என்றாலும், 7,690 எந்த வரம்புக்குள்ளும் அடங்காது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் நைட்ரேட்டுக்கும் ஃபுளோரைடுக்கும் வரம்பு உண்டு, பெர்குளோரேட்டுக்கு இல்லை. வரம்பு இல்லாத பொருளை அன்றாட ஆய்வகம் அளப்பதில்லை. அளக்காத பொருளுக்கு வரம்பு வகுக்கத் தரவு சேர்வதில்லை. இந்த வட்டத்தை உடைக்க வேண்டியது அரசே. இதற்கிடையே வசதியுள்ள வீடுகள் ஆர்.ஓ. கேன் தண்ணீருக்கு மாறிவிட்டன. ஆர்.ஓ. சவ்வு பெர்குளோரேட்டின் பெரும்பகுதியைத் தடுப்பது உண்மையே. ஆனால் தடுத்ததை அழிப்பதில்லை, செறிவு கூடிய கழிவுநீராக அதே நிலத்துக்குத் திருப்பி விடுகிறது. அழிக்கக்கூடியவை ஆக்சிஜன் இல்லாத சூழலில் பெர்குளோரேட்டை மூச்சுக்குப் பயன்படுத்தும் சில நுண்ணுயிர்கள். ஹெண்டர்சனில் அவற்றைக் கொண்டே பெரிய அளவில் நீர் தூய்மை செய்யப்படுகிறது.

வட்டாரத்துக்கு உடனே தேவைப்படுவது அத்தகைய ஆலை அன்று. மழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரை அளப்பதும், கருவுற்ற பெண்களின் தைராய்டு சோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்களில் தவறாமல் செய்து அம்முடிவுகளைக் கிணற்று அளவுகளோடு ஒப்பிடுவதும், சிந்திய மருந்தைக் கழுவி விடாமல் துடைத்த துணியோடு சேகரித்துக் கசிவற்ற தொட்டியில் சேர்ப்பதும் இன்றைய செலவிலேயே இயலும். கழிவு மருந்தை எரித்த பழைய குழிகள் எந்தெந்தப் புஞ்சையின் எந்த மூலையில் இருந்தன என்பது பழைய ஃபோர்மேன்களுக்கும் தொழிலாளர்களுக்கும் தெரியும்; அவர்களை உடனழைத்துக்கொண்டு, அக்குழிகளைச் சுற்றியுள்ள கிணறுகளிலிருந்து அந்த அளவெடுப்பைத் தொடங்க வேண்டும்.